மூன்று பேர் ஜாஸ்தி

1

மூன்று மனிதர்களின் விலை ஒரு மனிதன். 1943-இல் ஜப்பான்காரர்கள் ஆண்ட மலாயாவில், கெடா மாநிலத்துச் சிறை ஒன்றில் படிந்த விலை இது. பேசிப் படிய வைத்தவர் என் அப்பா, மளிகைக்கடை அழகப்பன்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு வந்த வழியைச் சொல்லாத கடைக்காரனிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. போன தைப்பூசத்துக்கு மறுநாள், சுங்கைப்பட்டாணியில் எங்கள் கடைக்கு ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் வந்தார். பெயர் கமலாம்பிகை. எதுவும் வாங்கவில்லை.

"தம்பி, நீர்தானே அழகப்பற்ற மகன்? கதையெல்லாம் எழுதுறீராம். என்ர அவர் உங்கட அப்பாவோட ஒரே அறையில இருந்தவர். கடைசி நாள் தானாத்தான் முன்னுக்குப் போனவரோ, இல்ல ஆரும் பிடிச்சுக் குடுத்தவையோ? அதை மட்டும் சொல்லும்."

முப்பது வருஷம் கழித்துக் கேட்கிறார். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் ஏன் கேட்கவில்லை? (இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த அம்மாள் மீதும் சந்தேகம்தான்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"ஜப்பானின் உதயசூரியன் கொடி சிறைக் கோபுரத்தில் படபடத்த அந்த" வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. கொடியை யார் பார்த்தது?

"என் அப்பா அஞ்சாத மனிதர். அவர்" இதுவும் வேண்டாம். மகன் தரும் நற்சான்றிதழை நம்பி எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

சரி, இப்படி: ஐந்து பேருக்கு ஒரு வாளி.

அதே ஐந்து பேருக்கு ஒரு சட்டி கஞ்சி. மரவள்ளி மிதக்கும், அரிசியைத் தேடவேண்டும். காலையில் வரிசையில் நின்று ஜப்பானிய மொழியில் எண் சொல்லவேண்டும்: இச்சி, நி, சான். நாக்கு குழறினால் பிரம்பு. அப்புறம் கயிறு திரிக்கும் கொட்டகை. பக்கத்து அறைக்காரர்களுக்கும் அங்கேதான் வேலை. சாயங்காலம் மறுபடி கஞ்சி. அதைப் பங்கிடுவது அப்பா. கடைக்காரன் கை அளவு தப்பாது என்று மற்றவர்கள் நம்பினார்கள். (அந்தக் கையைத் தராசுப் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். ஒன்றும் சொல்லவில்லை.)

அப்பா உள்ளே போனது அரிசி மூட்டைகளைப் பதுக்கியதற்காக. கமலாம்பிகையின் கணவர் துரைசிங்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலத்தில் டைரி எழுதினார், அதுதான் குற்றம். பால்மரம் வெட்டும் வீரசாமி, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்குப் பயந்து காட்டில் ஒளிந்து மாட்டியவர். மற்றவர்கள் ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர். "பேரு மறந்துபோச்சு" என்பார் அப்பா. பாக்கி வைத்தவனின் பெயரை அவன் பேரன் காலம்வரை மறக்காதவர், எட்டு மாதம் பக்கத்தில் படுத்தவர்களின் பெயரை மறந்தாராம்.

3

அறையில் பேசத் தடை. ஆனால் வியாபாரிகளுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. விலை சந்தைக்குத் தெரியக்கூடாது என்றால் இருவர் கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டே பேரம் பேசுவார்கள். அப்பா அதைத் துரைசிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். பொழுது போகவேண்டுமே. இல்லாத சரக்குகளை விற்றார்கள், வாங்கினார்கள். காவலாளி தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போனதும் வீரசாமி கிசுகிசுப்பார்.

"இன்னிக்கி என்னாண்ணே விக்கிறீங்க?"

"யானை."

"கிராணி ஐயா யானைய வச்சிக்கிட்டு என்னா செய்வாரு?"

"முதல்ல விலை படியட்டும்" என்றார் துரைசிங்கம். "இந்த மனுசன் தந்தத்துக்குத் தனியாக் கேக்கிறார்."

"படியலன்னா எனக்குத் தள்ளிவிடுங்கலா. சாணியாச்சும் மிஞ்சும்."

(யானை வந்தது வீரசாமியின் கணக்கில். அவரைத் தேடி சிடாம் கிரி தோட்டத்துக்குப் போனேன். பல் போய்விட்டது, ஞாபகம் போகவில்லை. அப்பா எனக்குச் சொன்ன கதையில் யானை கிடையாது. சிறையில் சிரித்ததை ஒருவர் ஏன் மறைக்கவேண்டும்?)

4

ஒருநாள் கொட்டகையில் கயிற்றுக் குவியலுக்குள் ஒரு ரேடியோ வால்வு அகப்பட்டது. ஒளித்து ரேடியோ கேட்பது அப்போது தலை போகும் குற்றம். யாருடையது என்று இன்றுவரை தெரியாது. ஜப்பான்காரர்களே வைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். அறைக்கு ஒருவராகக் கூப்பிட்டார்கள். கஞ்சி பங்கிடுகிறவர்தானே தலைவர்? அப்பா போனார். மறுநாள் காலை எண்ணிக்கையில் மூன்று பேர் முன்னால் வந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அறையே போகும் என்றான் ராணுவப் போலீஸ் அதிகாரி.

அடுத்தது அப்பாவின் வாய்மொழி (துவான் என்றால் மலாயில் ஐயா):

"துவான், மூணு பேர் ஜாஸ்தி, ஒண்ணு வச்சிக்கலாம்னேன். அடிச்சான். ரெண்டுன்னான். நான் எந்திரிச்சி வாசப்பக்கம் நடந்தேன். கூப்புட்டான். ஒண்ணுல முடிஞ்சிச்சி."

புடவைக் கடையிலிருந்து எழுந்து போவதுபோல் விசாரணை அறையிலிருந்து ஒரு கைதி எழுந்து நடந்தாராம்! நான் நம்பவில்லை, நீங்களும் நம்பாதீர்கள். ஆனால் மூன்று ஒன்றானது நிஜம். வீரசாமியும் சொன்னார்.

"உங்கப்பா திரும்பி வந்தப்ப மொகத்துல ஒரு களை, தம்பி. நல்ல யாவாரம் முடிச்ச மொகம். 'ஒருத்தர் போதுமாம்'னாரு. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அப்பறந்தான் அவருக்கே ஒறைச்சிச்சி, அந்த ஒருத்தர் எங்க அஞ்சு பேருல ஒருத்தருன்னு."

5

அன்று சாயங்காலம் கஞ்சிக்குப் பிறகு அப்பாவும் துரைசிங்கமும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையில் துரைசிங்கம் முன்னால் போய் நின்றார். திரும்பவில்லை.

துண்டுக்கு அடியில் என்ன நடந்தது?

அப்பா: "நான் போறேன்னு என் விரல அவரு கையில வச்சேன். மடக்கிட்டாரு. மடக்குனா, ஒத்துக்கலன்னு அர்த்தம்."

வீரசாமி: "துண்டு ஆடுச்சி. கிராணி ஒருதடவ கைய உருவப் பாத்தாரு, உங்கப்பா விடல. பிடிச்சி வச்சது போகாதன்னா, போன்னா? எனக்கு எப்படிலா தெரியும்? துண்டு போடுறதே பாக்கக் கூடாதுன்னுதானே?"

நான் எழுதியது: அவர்கள் கடைசியாக ஒருமுறை அந்த யானையை விலை பேசினார்கள். (அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது, அதனால்தான் சந்தேகம்.)

6

விடைபெறும்போது வீரசாமியிடம் சும்மா கேட்டேன்.

"பக்கத்து அறை என்னாச்சி?"

"அவனுங்ககிட்டயும் மூணு பேருதான் கேட்டான்."

"எவ்வளவுக்குப் பேசி முடிச்சாங்க?"

கிழவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ அவரு புள்ளதான். பேசலையே, தம்பி. வாயே தொறக்கல. ரெண்டு நாள் கஞ்சி இல்ல, நல்ல ஒத. ஒருத்தனுக்குக் கை முறிஞ்சிச்சி. எல்லாரும் உசுரோட வெளிய வந்தானுங்க. ஒருத்தன் இன்னமும் பாசார்ல மீன் விக்கிறான்."

வேண்டாத சரக்குக்கு விலை கேட்கக்கூடாது. பதில் விலை சொன்னால் வாங்கச் சம்மதித்துவிட்டோம் என்று பொருள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். எப்போது கற்றுக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை.

7

நேற்று கமலாம்பிகை மறுபடி வந்தார். அப்பாவின் கணக்கைச் சொன்னேன்: விரல் வைத்தார், துரைசிங்கம் மடக்கினார், தானாகத்தான் போனார். பக்கத்து அறையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"இதைத்தான் உங்கட அப்பாவும் சொன்னவர். சண்டை முடிஞ்ச வருசமே வந்து கேட்டனான்."

"தெரிஞ்சதையே ஏம்மா எங்கிட்ட கேட்டீங்க?"

"சொல்லேக்க அவர் என்ர முகத்தைப் பாக்கேல்ல. நீர் பாப்பீரோ எண்டு வந்தனான்."

நான் அப்போது தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவரிடம் எதைச் சொல்வது என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் நீங்களே வந்து சொல்லுங்கள், கடை எட்டு மணிக்குத் திறக்கும். என்னால் எழுத முடிந்தது கணக்கு மட்டும்.

எங்கள் அறையில் கேட்டது: மூன்று. கொடுத்தது: ஒன்று.
பக்கத்து அறையில் கேட்டது: மூன்று. கொடுத்தது: இல்லை.
மிச்சம் பிடித்ததாக அப்பா சொன்னது: இரண்டு.
நாற்பத்தாறில் பிறந்த வரவு: ஒன்று, இதை எழுதுகிறவன்.
கமலாம்பிகைக்கு நிலுவை: ஒருவர்.