பாதி மாத்திரை

டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரையைப் பாதியாக்கினார். என் நிம்மதி முழுசாகப் போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் வந்து சில வருடம் ஆகிறது. கினிகத்தேனை பஸாரில் எங்கள் துணிக்கடைக்கு வந்தவர்களையெல்லாம் கண்டபடி ஏசத் தொடங்கியபோது கொடுத்த மாத்திரை அது. குடித்ததும் மனிதர் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டார். பகலெல்லாம் தூங்கி வழிவார். விழித்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்புட்டியாக்கா?" என்று கேட்பார். செத்துப்போன தன் அக்கா ராசம்மா என்று என்னை நினைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. அக்காவுக்கான பாசமென்று தெரிந்தும் நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். இல்லாததற்கு அதுவாவது கிடைத்ததே!

போன மாதம் கிளினிக்கில் டாக்டர், "இந்தத் தூக்கத்துல தடுமாறி விழுந்துருவாரு. பாதி குடுத்துப் பாருங்க. ஒத்துவந்தா முழுசா நிப்பாட்டிறலாம்" என்றார்.

சில நாளிலேயே பழைய மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாகலெட்சுமி! இது பிளேன்டீயா, கழனித் தண்ணியா?"

தெருவுக்கே கேட்டது. மகன் யோகேஸ்வரன், "அப்பா திரும்பி வந்துட்டாரும்மா" என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. எதற்கென்றுதான் புரியவில்லை. அந்த வாயால் என் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஆனால் பெயரோடு ஏச்சும் சேர்ந்தல்லவா வருகிறது? அக்காவாக இருந்து கொஞ்சப்படுவதா, பெண்டாட்டியாக இருந்து வாங்கிக் கட்டிக்கொள்வதா?

இன்று மறுபடியும் கிளினிக். மாத்திரையை நிறுத்துவதும் பழையபடி முழுசாக்குவதும் நான் சொல்லப்போவதில்தான் இருக்கிறது. கத்துகிறார் என்று சொல்லிவிடத்தான் வந்தேன். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது, எதற்கும் இவரிடமே கேட்டேன்.

"அந்த மாத்திரய முன்ன மாதிரி முழுசா குடிக்கிறீங்களா?"

என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம். அதக் குடிச்சா நீ எங்கயோ போயிர்ற. அக்கா மட்டுந்தான் பக்கத்துல இருக்கு. நான் ஒன்னத் தேடிக்கிட்டே கெடக்கேன்."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

"எப்படிம்மா, வீட்டுல சத்தம் போடுறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் விழித்தேன்.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்குறாருல்ல, சொல்லித் தொலையேன்!" என்று இவர் பக்கத்திலிருந்து கத்தினார்.

"சத்தமா? அப்படியெல்லாம் ஒன்னும் இல்லீங்க டாக்டர்" என்றேன்.