மணியடிக்கும் முன் பார்பாத்தே

கார்மேல் மாதாவின் சுரூபம் உள்ள பெட்டி பார்பாத்தே ஊரில் முப்பது வீடு சுற்றும். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி, ஒரு பகல். மறுநாள் கோவிலில் மாலை மணி அடிப்பதற்குள் அதைக் கையாலேயே சுமந்துபோய் அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவள்தான் பெட்டிக் கதவைத் திறக்கலாம். வழியில் யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. இந்தச் சட்டங்களை எவர் போட்டார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மீறிப் பாருங்கள், ஊரே வரிந்து கட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

ரெக்லாவுடையது பதினான்காவது வீடு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்க முடியாமல் வீட்டை விற்றுவிட்டு, தரிஃபாவில் மகன் லாசரோவின் மாடி வீட்டுக்கே குடிபோய்விட்டாள். அந்த வாரமே பதினைந்தாவது வீட்டு ஒலிவா கோவில் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"முறை வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல. வீட்ட வித்தாச்சுன்னா முறையும் போச்சு. எம் மக நியேவெஸ் தனிக்குடித்தனம் போனதுலேருந்து ஒரு முறைக்காகக் காத்துக் கெடக்கா."

"வீட்டத்தாண்டி வித்தேன். மாதாவ விக்கல" என்றாள் ரெக்லா.

"தரிஃபாவுலேருந்து தெனம் பறந்தா வருவ?"

"தெனம் எதுக்கு வரணும்? மாசத்துல ஒரு தடவ வந்து வாங்கிட்டுப் போவேன், மறுநாள் கொண்டாந்து குடுப்பேன். உனக்கென்ன வலிக்குது?"

இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதிலிருந்தே இப்படித்தான். பங்குச் சாமியார் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். ரெக்லாவே முறையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரே ஒரு நாள் மணிக்குப் பிந்தினாலும் அது நியேவெஸுக்குப் போய்விடும். அன்றிலிருந்து பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஆனால் ஒலிவா வாசலில் வந்து நின்றுகொள்வாள், ஒரு கண் தெருவில், ஒரு கண் மணிக்கூண்டில்.

ரெக்லாவுக்கு அந்த ஒரு ராத்திரியை விட மனமில்லை. அவள் புருஷன் ஃபெர்மின் போன படகு ஜலசந்தியில் கவிழ்ந்தது. ஒலிவாவின் தம்பி ஹொவாக்கினும் அதே படகில்தான் போனான். இருவர் உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவைத் தூக்கிக்கொண்டு போகும்போது ரெக்லா போக இடமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். மாதாவோடு பேசுகிற அந்த ராத்திரிதான் அவளுக்குக் கல்லறை, பூ, எல்லாம். ஒலிவாவிடம் இதையெல்லாம் அவள் பேசியதில்லை. ஒலிவாவும் தம்பியின் பெயரை எடுத்ததில்லை.

இந்த மாதம் பெட்டி வந்த ராத்திரி கடல் அமைதியாக இருந்தது. மகனுடைய வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேரே ஜலசந்திதான். பழைய வீட்டில் மாதா பெட்டியை விட்டு இறங்கியதே இல்லை, அங்கே ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். இங்கே ரெக்லாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சாண் உயரமுள்ள அந்தச் சுரூபத்தை மெல்ல எடுத்து ஜன்னலின் வெளித்திட்டில் கடலைப் பார்க்க நிற்கவைத்தாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செபமாலை உருட்டியபடியே தூங்கிப்போனாள்.

மறுநாள் மத்தியானம் லெவாந்தே கிளம்பியது. அந்தக் கரையில் இந்தக் கீழைக் காற்று கிளம்பினால் நாய்கூட வெளியே வராது. கப்பல் நின்றுவிடும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும், நல்ல மனுஷனுக்கும் தலை கிறுகிறுக்கும். ரெக்லா அடுக்களையில் இருந்தபோது கூடம் முழுக்க மணல் கொட்டியது. ஓடிவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவி வாரைப் பிடித்து வெளிப்பக்கத்து ஷட்டரைச் சடாரென்று இறக்கினாள். கண்ணாடியையும் இழுத்துச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்து லாசரோ அல்ஹெசிராஸ் துறைமுகத்திலிருந்து போன் செய்தான்.

"அம்மா, காத்து பேயா அடிக்குது. இன்னைக்குப் போகாத. நான் வேல முடிஞ்சு வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"நீ வர்றதுக்குள்ள மணி அடிச்சுடும்டா."

"அடிச்சா என்ன? அந்த ஒலிவாவே வச்சுக்கட்டும்."

"உங்கப்பனக் கடல் எடுத்துக்கிச்சு. இதை எவளும் எடுத்துக்க நான் விடமாட்டேன். போன வை" என்றாள். பெட்டிக் கதவில் கொக்கியைப் போட்டாள். மணல் புகாமல் கம்பளியால் சுற்றி, கயிறு கட்டி, இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ் தாஹிவில்லாவைத் தாண்டவில்லை. காற்றாலைகளுக்குக் கீழே ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. அதில் வந்த ஆரஞ்சுப் பழமெல்லாம் வயலில் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. பஸ் டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"எல்லாரும் உக்காருங்க. தரிஃபாவுக்கே திரும்பறோம்."

"நீ திரும்பு தம்பி. எனக்குக் கதவத் தொற" என்றாள் ரெக்லா.

"காத்து தூக்கிட்டுப் போயிடும்மா!"

"எங்க தூக்கிட்டுப் போகும்? பார்பாத்தே பக்கம்தான அடிக்குது? நல்லதாப் போச்சு."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தார். அவள் லாரியைச் சுற்றிக்கொண்டு, முக்காட்டைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி அந்தப் பக்கம் போனாள். அங்கே, தீவனம் ஏற்றிய ஒரு பழைய ஜீப் திரும்பிப் போகத் தயாராக நின்றது. மாடு மேய்க்கிற பார்த்தோலோ அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"எங்கக்கா, இந்தக் காத்துல? கையில என்ன, கொழந்தையா?"

"மாதா."

அவன் சட்டென்று தொப்பியை எடுத்துவிட்டான். "ஏறுங்க, ஏறுங்க. ஸஹாரா ஊரு வரைக்கும்தான் போறேன், சொல்லிட்டேன். அதுக்கு மேல முடியாது. எம் பசு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

ஜீப் காற்றில் அப்படியும் இப்படியும் ஆடியது. பார்த்தோலோ ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் சூரைக் கருவாட்டுத் துண்டு ஒன்றை நீட்டினான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ரெக்லா வாங்கி மென்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, ஒரு தடவ தொறந்து காட்டுங்களேன். தலைச்சன் ஈத்து. போன வருஷம் இன்னொரு பசு ஈனும்போது செத்துப்போச்சு."

"வழியில தொறக்கக் கூடாது தம்பி."

"யாரு பாக்கப் போறா?"

"யாரு பாக்கணும்? உள்ள இருக்கவ பாப்பால்ல?"

அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஸஹாரா வந்ததும் வண்டியை நிறுத்தி, கம்பளியோடு பெட்டியை முத்தமிட்டு, பசுவின் பெயரைச் சத்தமாக மூன்று தரம் சொன்னான். பார்பாத்தேவுக்குக் கொண்டுபோய் விட அவள் கெஞ்சவில்லை. ஈனப்போகிற பசுவை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? ஊருக்குள் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. அவள் கடற்கரையில் இறங்கி நடந்தாள்.

மணல் கெண்டைக்காலில் ஊசி குத்துவதுபோலக் குத்தியது. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. நின்றால் விழுந்துவிடுவாள், அதனால் நிற்கவில்லை. பெட்டி கல்லாய்க் கனத்தது. இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து மார்புக்கும் மாற்றி மாற்றித் தூக்கினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று பெட்டியிடம் பேசிக்கொண்டே போனாள். "உள்ள இருட்டாத்தான் இருக்கும். எனக்கும் ஒண்ணும் சொகமா இல்ல. அந்த ஒலிவா வாசல்ல நிப்பா, பாரேன். நிக்கட்டும். அவ மூஞ்சிக்கு நேரா ஒன்னக் கொண்டுபோய் வக்கலன்னா எம் பேரு ரெக்லா இல்ல."

ஓர் இடத்தில் கால் மடங்கி முழங்காலில் விழுந்தாள். பெட்டி விழவில்லை. விழ விடுவாளா? தோலுரிந்த முழங்காலோடு எழுந்து, காற்றையும் ஒலிவாவையும் சேர்த்து ஒரு வசவு வைதுவிட்டு மறுபடி நடந்தாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுப்பாலத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கடந்தாள். மீன்பிடித் தெருவில் திரும்பியபோது, முக்காடு பறக்க ஒலிவா வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் மகள் நியேவெஸ்.

"வந்துட்டேண்டி!" என்று தெருமுனையிலிருந்தே கத்தினாள் ரெக்லா.

"கண்ணு தெரியுது, கத்தாத" என்றாள் ஒலிவா. அவள் குரலில் ஏமாற்றம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று ரெக்லாவுக்குப் புரியவில்லை. "நடந்தா வந்த? பைத்தியக்காரி. காலப் பாரு, ரத்தம்."

உள்ளே மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி வைத்திருந்தது. ரெக்லா கயிற்றை அவிழ்த்து, கம்பளியைப் பிரித்து, பெட்டியை நடுவில் வைத்தாள். கோவில் மணி இன்னும் அடிக்கவில்லை. ஜெயித்துவிட்டாள். ஒலிவா சிலுவை போட்டுக்கொண்டு கொக்கியை நீக்கி இரண்டு கதவையும் திறந்தாள்.

உள்ளே நீல வெல்வெட் துணி மட்டும் இருந்தது.

ஒலிவா அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். "மாதா எங்கடி?" என்றாள் ஒலிவா.

ரெக்லா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் திட்டு, மணல், மூடிய கண், கையால் துழாவி இறக்கிய ஷட்டர். "ஐயோ" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "ஷட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல விட்டுட்டு வந்துட்டேனே! வழியெல்லாம் வெறும் பெட்டிகூடப் பேசிட்டு வந்திருக்கேன். அந்த மாட்டுக்காரன் வேற முத்தம் குடுத்தான்."

நியேவெஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிவா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டது.

ரெக்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மறைக்க ஒண்ணும் இல்ல. மாதா வரல, அப்ப நான் பிந்திட்டேன். சாமியார்கிட்ட நானே சொல்றேன். முறைய நியேவெஸே எடுத்துக்கட்டும்." கம்பளியை மடிக்க ஆரம்பித்தாள்.

"உக்காரு" என்றாள் ஒலிவா. "ஜன்னல்ல எதுக்கு வச்ச?"

"அங்கேருந்து கடல் தெரியுது. படகு போன எடம். அவர அவ கொஞ்சம் பாத்துக்கட்டுமேன்னு வச்சேன்." ரெக்லா தரையைப் பார்த்தாள். "உந் தம்பியையும்தான். ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் வச்சேன்."

ஒலிவா சுருக்கமே இல்லாத மேசைத்துணியை நீவி விட்டாள், மறுபடி நீவினாள். அப்போது கோவில் மணி அடிக்க ஆரம்பித்தது. அது அடித்து ஓயும் வரைக்கும் காத்திருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மணி இப்பத்தான் அடிச்சுச்சு. பெட்டி அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. சாமியார் சொன்னது அவ்வளவுதான். நியேவெஸ், நீ சாட்சி."

"அம்மா, ஆனா முறை..."

"வாய மூடு. இந்த நிமிஷத்துலேருந்து என்னோட முறை. விடியறவரைக்கும் மாதா எங்க நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன். சட்டம் அதான? என்னடி ரெக்லா?"

"அதான்" என்றாள் ரெக்லா, ஒன்றும் புரியாமல்.

"அப்ப உம் மகனுக்குப் போனப் போடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எடுத்து வச்சுட்டு ஷட்டரத் தூக்கச் சொல்லு. ராத்திரி முழுக்க அங்கயே நிக்கட்டும். காலையில கார்ல கொண்டாந்தாப் போதும்."

லாசரோ அப்போதுதான் வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்திருந்தான். அம்மா அழுதுகொண்டே சொன்னதில் பாதி விளங்காமல், "ஷட்டரத் தூக்கினா மணல் வரும்மா" என்று ஏதோ இழுத்தான். ஒலிவா போனைப் பிடுங்கினாள்.

"வந்தா கூட்டித் தள்ளுடா! தூக்கு!"

போனுக்குள் ஷட்டர் கடகடவென்று ஏறும் சத்தம் கேட்டது.

"வச்சுட்டியா?"

"வச்சுட்டேன் அத்த."

"கடலப் பாத்து நிக்கிறாளா?"

"நிக்கிறா."

"தெரியுதா கடல்?"

"இருட்டிட்டு வருது. ஆனா தெரியுது."

"சரி" என்றாள் ஒலிவா. போனை ரெக்லாவிடம் கொடுத்துவிட்டு, திறந்து கிடந்த வெறும் பெட்டிக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, ரெக்லாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் துடைக்க ஆரம்பித்தாள்.