சொல்லிக் கொடுத்த வட்டி

மணல்குடியில் கல்விக் கடனுக்கான வட்டியைப் படிப்பாகவே கட்ட வேண்டும். மாதம் பிறந்ததும் வங்கி மேலாளர் கிறிஸ்துதாஸ் வீடு தேடி வருவார். கடன் வாங்கியவர் தாம் படித்ததில் ஒரு பகுதியை அவர் காதில் முழுக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்ததும் அது வங்கிக்குப் போய்விடும். சொன்னவரிடம் இருக்காது. மேலாளர் காதைத் துண்டால் பொத்திக்கொண்டு, வழியில் யாரோடும் பேசாமல் கிளைக்குப் போய்ச் சேர்வார்.

கால்நடை மருத்துவர் இசக்கிதேவி முதலில் ஒட்டக நோய்களைக் கொடுத்தாள். ஊரில் ஒட்டகம் கிடையாது, நஷ்டமில்லை. அடுத்துக் குதிரை போயிற்று. பிறகு பன்றி, கோழி. ஆட்டைச் சொல்லிக் கொடுத்த அன்றுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒருவர் தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது, இது என்ன பிராணி என்று மரியாதையாக விசாரித்தாள். அவரும் பொறுமையாக, ஆடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவளுடைய அப்பா செல்லையா மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவர். கடனுக்கு ஜாமீன் போட்டவரும் அவர்தான். நடுவில் ஒரு தவணை தவறியதும் வங்கி அவரிடம் வசூலித்தது. அவர் ரிவர்ஸ் எடுப்பதைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வண்டி முன்னால் மட்டும்தான் போகும். மலை உச்சியில் வட்டமடிக்க இடம் இல்லை. அதனால் மறுபக்கமாக இறங்கி, அடுத்த மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார். பயணிகளும் கட்டுச்சோற்றோடு ஏறப் பழகிக்கொண்டார்கள்.

கடைசியில் இசக்கிதேவியிடம் மாடு மட்டும் மிஞ்சியது.

அந்த மாதத் தவணை நாளில் அவள் பேச்சித்தாயின் தொழுவத்தில் மண்டியிட்டிருந்தாள். மாடு விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. தோள்வரை கையை விட்டு அவள் அந்தக் காலைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்து சேர்ந்தார். தகவல் தெரிந்து செல்லையாவும் வந்துவிட்டார்.

மேலாளர் கடுமையான மனிதர் அல்லர். வேலையை முடித்துவிட்டே சொல்லலாம் என்றார். ஆனால் பொழுது சாய்வதற்குள் காது நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாமீன்தாரரிடம் கேட்க வேண்டிவரும் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

செல்லையா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட இன்னும் பிரேக் இருக்கு சார். அதை எடுத்துக்கிடுங்க. புள்ள மாட்டைப் பாக்கட்டும்."

"அப்பா, பிரேக்கைக் குடுக்காதீங்க," என்றாள் இசக்கிதேவி. கையை அவள் வெளியே எடுக்கவில்லை.

பேச்சித்தாய் இருவரையும் பார்த்துவிட்டு மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். மேலாளர் குனிந்து செல்லையாவின் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

அதே நேரத்தில்தான் சென்னையில் சட்டசபை கூடியிருந்தது. கல்விக் கடனின் வட்டியைக் குறைக்கும் மசோதா விவாதத்துக்கு வந்தது. எதிர்த்துப் பேச வேண்டிய உறுப்பினரும் கடன் வாங்கிச் சட்டம் படித்தவர். எதிர்ப்பது எப்படி என்பதைச் சென்ற மாதமே வட்டியாகக் கட்டியிருந்தார். எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மசோதா ஒருமனதாக நிறைவேறியது. இனிமேல் ஒருவர் தானாக மறக்கக்கூடியதற்கு மேல் எந்த வங்கியும் எடுக்கக் கூடாது.

மேலாளரின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. படித்துப் பார்த்தார். காதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சட்டம் வந்துட்டு, டாக்டரம்மா. இனி நீங்களா மறந்தது போதும்."

செல்லையா கக்கத்துத் துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். இசக்கிதேவி தேடிக்கொண்டே இருந்தாள். விரலுக்குக் கன்றின் குளம்பு அகப்பட்டது. அதை உள்ளங்கையால் பொத்தி மெல்ல முன்னுக்கு இழுத்தாள். சற்று நேரத்தில் கன்று வைக்கோலில் வழுக்கி விழுந்து தும்மியது. அதன் பிறகுதான் அவள் அழுதாள். மேலாளர் தம் துண்டை நீட்டினார். வட்டி வாங்கும் காதில் வெகுநாளாக வலி, இன்றைக்குத்தான் லேசாக இருக்கிறது என்று பேச்சித்தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகமாக வசூலித்ததை வங்கி அடுத்த வாரமே திருப்பித் தந்தது. மேலாளர் வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றாக அவரவர் காதில் சொன்னார். செல்லையா அன்று தெருமுனையிலிருந்து வீடுவரை பேருந்தைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. இசக்கிதேவிக்கு ஆடு வந்தது, கோழி வந்தது, பன்றியும் குதிரையும் வந்தன. ஒட்டகத்தை மட்டும் வங்கி ஏற்கெனவே வேறொருவருக்குக் கடன் கொடுத்துவிட்டதாம். அதற்கு ஈடாக ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் படிப்பு கையிருப்பில் இருக்கிறது, சம்மதமா என்று மேலாளர் கேட்டார். அவள் சரியென்று காதைக் கொடுத்தாள்.

மணல்குடியிலிருந்து கடல் வெகுதூரம். அன்று இருட்டத் தொடங்கியதும் இசக்கிதேவி விளக்கை ஏற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் கடைவீதி வழியாக ஒரு கப்பல் மெதுவாக வந்து பேருந்து நிலையத்தருகே நின்றது. மேல்தளத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, இங்கே நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.