எம்.ஏ. முதலாண்டுக்கு ஒரு புத்தகம்

ஜூன் இரண்டாவது வாரத்தில், புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியின் பொருளியல் துறைத் தலைவர் சூர்யபிரகாஷ், கௌரவ விரிவுரையாளர் டயானாவைக் கூப்பிட்டனுப்பினார். நுண்ணியல் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எம்.ஏ. முதலாண்டுக்கு இனி அந்தப் பாடத்தை அவள்தான் எடுக்க வேண்டும்.

“என்ன புத்தகம்னு மாசக் கடைசிக்குள்ள லைப்ரரிக்கு எழுதிக் குடுத்துருங்க. போன வருஷத்து கைடையே போட்டாலும் சரிதான்.”

அந்த கைடு டயானாவுக்கு மனப்பாடம். எம்.ஏ. தேறியது அதை வைத்துத்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் நிரந்தர வேலைக்கான நேர்முகத்தில், ஒரு பொருளின் விலை ஏறினால் அதை வாங்குவது எவ்வளவு குறையும் என்று கணக்காகப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அவளுக்குப் படம் வரையத் தெரிந்தது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாக்பீஸோடு பலகை முன்னால் நின்ற அந்த ஐந்து நிமிடத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவன் பீட்டரிடம்கூட.

“ரெண்டு வாரம் டைம் குடுங்க சார். பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

சனிக்கிழமை தன் ஊரான ஆவூரிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறினாள். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பெரிய நூலகத்தில் உட்கார அனுமதி வாங்கியிருந்தாள். மேசையில் மூன்று புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றிலும் அந்த ஒரே விஷயத்தை மட்டும் தேடிப் படித்தாள்.

முதல் புத்தகம் ஆயிரம் பக்கம். பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் அதைத்தான் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். நான்காம் பக்கத்திலேயே குறியீடுகள் குவிந்துவிட்டன. தன்னாலேயே தாண்ட முடியாததைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. இரண்டாவதில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், சிரமமில்லாமல் ஓடியது. கணக்கு வரும் இடமெல்லாம் ‘இதை நிரூபிக்கலாம்’ என்று ஒரு வரியோடு நகர்ந்துவிட்டது. மூன்றாவது நடுத்தரமான கனம். கணக்கு நிறையவே இருந்தது, ஆனால் ஒரு படியையும் விடாமல் போட்டிருந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்சிகள்.

முதல் பயிற்சியை எடுத்துப் போட்டாள். வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நூலகம் மூடும்போது அவள் நோட்டில் ஒரே கணக்குக்கு மூன்று வெவ்வேறு விடைகள் இருந்தன.

அந்தப் பாடத்தையும் பின்னால் இருந்த விடைகளையும் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். அடுத்த வீட்டு ஹரிணி பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுடைய கணிதப் புத்தகத்தை வாங்கி, பகுதி வகைக்கெழுவை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். காலையில் சோறு வேகும் நேரத்திலும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களிலும் நோட்டு மடியில் இருந்தது.

பீட்டர் விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தவன் எட்டிப் பார்த்தான்.

“விடை பின்னாடி போட்டுருப்பான்ல? அதப் பாத்துரு.”

“பாத்துட்டேங்க. அது எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல.”

“நீ பாஸ் பண்ணுன கைடு இருக்கும்போது ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?”

அப்போதுதான் அந்த நேர்முகத்தைப் பற்றி அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். “முடிச்சிட்டுக் கூப்புடு, அங்கிட்டுத்தான் இருப்போம்.”

ஒன்பதாம் நாள் விடை சரியாக வந்தது. வேறு எண்களைப் போட்டு இன்னொரு தடவை செய்தாள். அதுவும் வந்தது. மறுநாள் மூன்றாவது புத்தகத்தின் பெயரை எழுதித் துறைத் தலைவரிடம் நீட்டினாள்.

சூர்யபிரகாஷ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பாதிப் பேரு தமிழ் மீடியம்மா. பிளஸ் டூல கணக்கே எடுக்காதவங்க. பாஸ் பர்சென்டேஜ் விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

“நீங்க கெஸ்ட் லெக்சரர். அடுத்த வருஷம் இருப்பீங்களான்னே தெரியாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. “இருக்குற வரைக்கும் சொல்றேன்” என்றாள்.

அவர் கெட்ட மனிதரல்ல. ஆறு பிரதி வாங்கலாம், முதல் உள்தேர்வில் பாதிக்கு மேல் தோற்றால் திரும்ப கைடுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் பத்தொன்பது பேர். மூன்று நான்கு பேருக்கு ஒரு புத்தகம். முதல் இரண்டு வாரமும் டயானா கணக்கு மட்டுமே நடத்தினாள், தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதி. பிறகு பாடத்துக்கு வந்தாள். புத்தகத்தில் இருந்த இரண்டு பொருள்களை மாற்றி, இறாலும் கோழிக்கறியும் என்று பலகையில் எழுதினாள்.

“எறா வெலை ஏறுனா என்ன ஆகும்? கையில இருக்குற காசுக்கு முன்ன மாதிரி வாங்க முடியாது. அதனால வாங்குறது கொறையும்.”

கடைசி பெஞ்சில் செவந்தி எழுந்தாள். மீமிசல்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர்.

“எங்க வீட்டுல அப்படி இல்லை மேம். எறா வெலை ஏறுனா அன்னைக்கி எங்களுக்குக் கையில காசு கூடத்தான் வரும். ஆத்தா கொழம்புக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கும். இந்தக் கணக்கு எங்களுக்குச் சேராதே?”

வகுப்பு சிரித்தது. டயானா சிரிக்கவில்லை. விற்கிறவரே உண்பவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததே இல்லை. “தெரியலை செவந்தி. புத்தகத்துல இருக்கான்னு தேடுவோம்” என்றாள்.

மறுநாள் காலை செவந்தியே துறை வாசலில் நின்றிருந்தாள், புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு. “இருக்கு மேம். அறுபது பக்கம் தள்ளி. பொருளக் கையில வச்சிருக்கறவங்களுக்குத் தனியாப் போட்டுருக்காங்க. இங்கிலீஷ் பாதி புரியல, ஆனா இதேதான்.” இருவரும் அங்கேயே நின்றபடி அந்தப் பக்கத்தைப் படித்தார்கள்.

ஆகஸ்டில் உள்தேர்வு நடந்தது. பதினொரு பேர் தோற்றார்கள். அவர்களில் செவந்தியும் ஒருத்தி, ஐம்பதுக்குப் பத்தொன்பது. தேற இருபத்தைந்து வேண்டும்.

சூர்யபிரகாஷ் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் டயானாவுக்கு அதிகம் வலித்தது.

அவள் விடைத்தாள்களை மேசையில் பரப்பினாள். “போன வருஷத்துப் பேப்பரையும் எடுத்துட்டு வந்திருக்கேன் சார். அதுல எல்லாரும் ஒரே வரி எழுதியிருக்காங்க, கமா உள்பட. இதுல பாருங்க. இவ மூணாவது படியில தப்பு பண்ணியிருக்கா. இவன் கடைசிப் படி வரைக்கும் வந்து கூட்டலை விட்டிருக்கான். யாரு எங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியுது.”

“எனக்குத் தெரியறது பதினொண்ணு. பேச்சு பேச்சா இருக்கணும்மா.”

அந்தச் சமயத்தில் கதவைத் தட்டிக்கொண்டு செவந்தியும் இன்னும் நான்கு பேரும் உள்ளே வந்தார்கள். ஐவருமே தோற்றவர்கள். டயானா அவர்களை அனுப்பவில்லை. அவளே திகைத்துத்தான் போனாள்.

“சார், எங்களுக்கு இன்னொரு டெஸ்ட் வைங்க. புக்க மாத்தாதீங்க” என்றாள் செவந்தி.

“கைடுன்னா எல்லாரும் பாஸாயிருவீங்களேம்மா.”

“ஆயிருவோம் சார். பி.ஏ.ல மூணு வருஷம் அப்படித்தான் பாஸானோம். எனக்கு இப்பத்தான் கணக்கு பிடிபடுது. பாதியில புடுங்காதீங்க.”

சூர்யபிரகாஷ் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தோற்ற பிள்ளைகள் இப்படி வந்து கேட்டு அவர் பார்த்ததில்லை. “மூணு வாரம். அதுக்கு மேல கேக்கக் கூடாது” என்றார்.

அந்த மூன்று வாரமும் வகுப்பு எட்டரைக்கே தொடங்கியது. திருமயத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு பஸ் முன்னால் ஏறினார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலையை பீட்டர் ஏற்றுக்கொண்டான். ஷிப்ட் ஒத்துவராத நாட்களில் ஹரிணி பார்த்துக்கொண்டாள். தினமும் ஒருவர் பலகைக்கு வந்து ஒரு கணக்கைப் போட்டு முடித்தாக வேண்டும். அழுதவர்களும் உண்டு. ஒருத்தி மட்டும் பலகைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டாள். அவளை டயானா கட்டாயப்படுத்தவில்லை.

மறுதேர்வில் ஆறு பேர் தோற்றார்கள். செவந்திக்கு முப்பத்தொன்று. சூர்யபிரகாஷ் பட்டியலை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, “சரி, நடத்துங்க. அந்த ஆறு பேரை விட்டுராதீங்க” என்றார்.

அன்று மதியமே டயானா உற்பத்திச் செலவு பற்றிய அடுத்த பாடத்தைத் தொடங்கினாள். முந்தைய நாள் அதன் பயிற்சிகளில் எல்லாவற்றையும் போட்டு முடித்திருந்தாள், நான்காவதைத் தவிர. அதையும் மறைக்காமல் பலகையில் எழுதினாள்.

“இது எனக்கே இன்னும் வரலை. ரெண்டாவது படியோட நிக்கிது. யாருக்காவது தோணுதா?”

பத்தொன்பது பேரும் நோட்டைத் திறந்தார்கள்.