மச்சு அறையின் வேங்கைத் தரை

விரிப்பின் மூலையைப் பிடித்து இழுத்தபோது அது அசைந்தே கொடுக்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். பர்ரென்று கிழிந்து பாதி என் கையோடு வந்துவிட, நான் பின்பக்கமாகப் போய்த் தொப்பென்று உட்கார்ந்தேன். கீழே தறிக்கூடத்திலிருந்து தரணி, "இன்னா வுழுந்துச்சு?" என்று கத்தினாள். "நான்தான்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

நகரியில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரிதான். கீழே பவர்லூம், பின்னால் சமையல்கட்டு, மேலே ஒரு மச்சு அறை. எங்கள் மச்சுக்குத் தரை பலகை. யாரோ எப்போதோ அதன்மேல் நீல நிற பிளாஸ்டிக் விரிப்பைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். அடியில் என்ன மரம் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு ஒரு கெட்ட குணம், எதையாவது மூடி வைத்திருந்தால் திறந்து பார்க்காமல் சோறு இறங்காது. ஆனால் அதற்காக மட்டும் நான் தறியை நிறுத்திவிட்டு இந்த வேலையில் இறங்கவில்லை.

என் கூடப்பிறந்த ரேகா அக்காவுக்காக. அவள் வீட்டுக்காரர் கோவர்த்தனன் மாமா போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. சித்தூரில் மாமியார் வீட்டில், பழைய டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில் அக்காவுக்கு ஒரு பாய் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மார்கழி பிறந்ததும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்த அன்றைக்கே, "பண்டிகை முடிஞ்சதும் போயிடுவேன்டா" என்றாள். யார் என்ன கேட்டாலும் அதே பதில்தான். துணியைக்கூடப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வாய்விட்டுச் சொன்னால் 'உனக்கெதுக்குடா பாரம்' என்று மறுநாளே பஸ் ஏறிவிடுவாள். அதனால் மச்சு அறையைச் சரக்கு வைக்கத் தயார் செய்வதாக வீடு பூரா புளுகி வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பே தறி நின்றுவிடும். அந்த நாட்களை விட்டால் வழியில்லை. பலகை இடுக்கு வழியாகத் தூள் கொட்டினால் கீழே தறியில் ஏற்றியிருக்கிற பாவு நூல் மொத்தமும் பாழ். தரணியின் பழைய புடவைகளையெல்லாம் தறிகளுக்குப் போர்த்திவிட்டேன். கல்யாணத்துக்கு வந்து படுத்துக் கிடக்கிற பெண்கள் மாதிரி இருந்தன.

தேய்க்கிற மெஷினைப் புத்தூரில் பிரபாகர் கடையில் வாடகைக்கு எடுத்தேன். விரிப்பைப் பிய்த்து, பசையைச் சுரண்டி, முதல் உப்புத்தாளை மாட்டி ஓட்டியதும் கறுப்புத் தோலுக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் எட்டிப் பார்த்தது. அடேயப்பா! வீடியோ எடுத்து பிரபாகருக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான். "வேங்கைண்ணா அது! எவன் புண்ணியமோ. ஆனா வார்னிஷ் அடிக்கிற வரைக்கும் தண்ணி மட்டும் காட்டிடாத. ஈரம் பட்ட எடத்துல உள்ள கீற சாயம் மேல வந்துடும்." நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மச்சு அறைக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

போகியன்று சாயங்காலம் கடைசி உப்புத்தாளும் ஓடி முடிந்தது. தலைமுடி, புருவம், காது எல்லாம் மரத்தூள். தரை மட்டும் கன்னம் வைத்துப் படுக்கலாம் போல இருந்தது. படுத்தும் பார்த்தேன். அக்கா படியேறி வந்து வாசல்படியிலேயே நின்றாள். குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

"சரக்கு வைக்கவா இம்மாம் பாடுபட்ட?"

"ஆமா. நல்ல சரக்குக்கா."

அவள் இறங்கிப் போனாள்.

பொங்கலன்று விடிந்ததும், வார்னிஷ் அடிப்பதற்கு முன் தூசி துடைக்கலாம் என்று துணியோடு மேலே போனேன். கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அறை நடுவில் ஒரு கோலம். மாவு இல்லை, பொடி இல்லை. விரலால் தேய்த்தால் ஒட்டவும் இல்லை. மரத்துக்குள்ளேயே பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. யாரோ அரிசி மாவைக் கரைத்துப் போட்டுவிட்டு, பிறகு சுத்தமாகத் துடைத்தும் இருக்கிறார்கள். மாவு போய்விட்டது, வேங்கையின் சாயம் கிளம்பி நின்றுவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "எவ இங்க கோலம் போட்டது? இன்னா வேலைடா இது! ராப்பகலா முதுகொடிஞ்சு தேச்சு வச்சா இப்பிடியா பண்ணுவீங்க?" என்று படியில் நின்று கத்தினேன். தெருவில் கோலத்துக்கு வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்திருப்பார்கள்.

தரணி கரண்டியும் கையுமாக வந்தாள். "நான்தான் போட்டேன். நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு இப்பிடி கத்தற? சுத்தம் பண்ண தரைய பொங்க அன்னிக்கு வெறுமன வுடலாமா? தண்ணி படக்கூடாதுன்னு நீ சொன்னியா?"

அது நியாயம்தான். எங்கள் வீடுகளில் மெழுகினாலும் கழுவினாலும் அந்தத் தரையில் ஒரு கோடாவது இழுக்காமல் விட மாட்டார்கள். நான் முனகிக்கொண்டே திரும்ப மேலே போனேன். மெஷினை மாட்டப் போனவன் கோலத்தை நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசுக்குள் ஏதோ உதைத்தது. என்னைவிட அகலமான கோலம். இழுத்த கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. தரணியா? தரணி புள்ளி வைத்தால் கடைசியில் நாலு புள்ளி அனாதையாக நிற்கும். நகரி சந்தையில் ஓட்டை போட்ட தகர அச்சு வாங்கி வைத்துக்கொண்டு அதைத்தான் வாசலில் தட்டுகிறாள். பிறகு எதற்கு இந்தப் பொய்?

நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். "தரணி, உண்மைய சொல்லு."

அவள் எட்டிப் பார்த்தாள். அக்கா பின்கட்டில் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டிருந்தாள். தரணி குரலைத் தாழ்த்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். "வாய மூடு. அண்ணிதான். இருட்டோட கிண்ணத்த எடுத்துக்கினு மேல போனாங்க. பின்னாலியே போயி கதவு சந்துல பாத்தேன். போட்டு முடிச்சிட்டு அதும் பக்கத்துலியே குந்திக்கினு இருந்தாங்க. அப்புறம் முந்தானியால தொடச்சாங்க. நான் பாத்தது அவங்களுக்கு தெரியாது."

அக்கா வந்த மறுநாள் காலை ஞாபகத்தில் வந்தது. மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டு ரத்தினம்மா, திட்டக்கூட இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்: "உனுக்கு இன்னாத்துக்கும்மா, அதான் தரணி கீறாளே." அக்கா சிரித்தாள். கிண்ணத்தைத் தரணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். மார்கழி முழுக்க அவள் வாசல் பக்கம் போகவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு இந்தத் தெருவில் அவள் கோலத்தைச் சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவான். யார் கண்ணிலும் படாத ஒரு தரை கிடைத்தது, அவள் போட்டாள். அதற்குத்தான் நான் ஊர் கேட்கக் கத்தியிருக்கிறேன். என் வாயில் மண்ணைப் போட!

நான் மேலே போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவே வந்தாள். ஈரமான முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மெஷின் இன்னும் கீதா? தேச்சுடு. தரணி பாவம், தெரியாம போட்டுட்டா. அவள ஒண்ணும் சொல்லாத."

"தேச்சா சுத்தமா போயிடும்க்கா. தேய்க்காம வார்னிஷ் அடிச்சா அப்புறம் எந்த ஜென்மத்துக்கும் போவாது. இன்னா பண்ணட்டும், நீ சொல்லு."

"நான் இன்னாடா சொல்றது? உன் சரக்கு ரூமு."

இனிமேலும் புளுக எனக்குத் தெம்பில்லை. "சரக்கு ரூமு இல்லக்கா. உனக்குத்தான். இங்கியே இரு. சித்தூருக்கு போவாத. பாரம் கீரம்னு பேசின, எனக்கு கெட்ட கோவம் வரும்" என்றேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "தெரியும். சரக்கு ரூமு ஜன்னலுக்கு எவன்டா கொசுவலை அடிப்பான்?" என்றாள். அவள் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். மாமா போனபோதுகூட என் எதிரில் அவள் அழவில்லை. நானும் அழுதேன். முந்தின நாள் மரத்தூள் வேறு இன்னும் முகமெல்லாம் அப்பியிருந்ததா, கேட்கவே வேண்டாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்னிஷ் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "பிரஷ்ஷ இப்பிடி குடு" என்றாள். இருப்பாளா, போவாளா? கேட்க எனக்குத் துணிவில்லை. அந்த நேரம் பார்த்து, பால் பொங்குகிறது என்று தரணி கீழே கூப்பாடு போட, நான் இறங்கி ஓடினேன்.

பொங்கல் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, வந்தவர்களுக்கு இலை போட்டு நிமிர்வதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. அக்காவைக் கீழே காணோம். தரணியும் நானும் மேலே ஏறினோம். கதவருகிலேயே என்னைத் தரணி பிடித்து நிறுத்தினாள். வாசற்படியிலிருந்து எதிர்ச் சுவர் வரை தரை முழுக்க ஈர வார்னிஷ். நடுவில் கோலம், இப்போது இன்னும் கறுத்து, கண்ணாடிக்குள் வைத்ததுபோல் பளபளத்தது. அதற்கும் அப்பால் ஜன்னலடியில், ஒரு பாய் அகலத்துக்கு மிஞ்சியிருந்த காய்ந்த பலகையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, இன்னா பண்ணி வச்சிக்கிற! கதவாண்டயிருந்தா ஆரம்பிப்பாங்க? இப்ப எப்பிடி வெளிய வருவ?"

"அதான்டா நானும் யோசிச்சிக்கினு கீறேன்."

தான் போட்ட கோலத்தை ஒரு நாளும் தன் காலால் மிதிக்காதவள். எங்கே தொடங்கினால் எங்கே போய் நிற்போம் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்க வாயெடுத்தேன். தரணி என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இது எப்ப காயும்?" என்று ஜன்னலடியிலிருந்து அக்கா கேட்டாள்.

"நாளைக்கி காலையில ஆயிடும்."

"ஆவட்டும்" என்றாள் அக்கா. "பசிக்குதுடா. துன்ன எதுனா போடு."

தரணி ஓடிப்போய்க் கரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஈரத் தரைக்கு மேலாக வீசினாள். அக்கா உட்கார்ந்தபடியே அதை எட்டிப் பிடித்தாள். பட்டையைப் பல்லால் உரித்தாள். சக்கையைத் துப்ப இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு மடியிலேயே போட்டுக்கொண்டு அடுத்த கணுவைக் கடித்தாள்.