யாரும் கட்டாத ஆறாவது மாடி

1985 ஐப்பசியில், தர்மபுரி கடைவீதிக்குப் பின்சந்தில் நின்ற ஹயாத் பாஷாவின் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஒரு காலையில் ஆறாவது மாடி இருந்தது. முந்தின நாள் அது இல்லை. யாரும் சாரம் கட்டவில்லை, செங்கல் ஏற்றவில்லை. மூன்றாம் மாடியில் குடியிருந்த வாத்தியார் பல் துலக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்துவிட்டு, துணி காயப்போட இனி இன்னும் இருபது படி ஏறணும் என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த மனை மொத்தமே ஒன்றரை சென்ட். ஒருபக்கம் புளி மண்டியின் சுவர், மறுபக்கம் லாட்ஜின் சுவர். அப்பா விட்டுப்போன அந்த இடத்தில் ஹயாத் பாஷாவுக்கும் அவர் தங்கை ஜான் பீக்கும் பங்கு இருந்தது. ஜான் பீயின் கணவர் அப்துல் சுபான் கொத்தனார். சிமெண்டுக்கு பர்மிட் வாங்கி அலையவேண்டிய காலம் அது. சுபான் சிமெண்டே வேண்டாம் என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்துச் சுவர் எழுப்பினார். மொட்டைமாடி மழை அடித்தளத் தொட்டிக்கு இறங்கியது. நடுவில் தரையிலிருந்து வானம்வரை ஒரு காற்றுவழி விட்டார், அதனால் எந்த வீட்டிலும் விசிறி சுற்றவில்லை. குளித்த தண்ணீரில் பின்னால் வாழை குலை தள்ளியது. வெளியிலிருந்து எதையும் கேட்காத கட்டடம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கொத்தனாரையும் கேட்காது என்பது அப்போது தெரியவில்லை.

அஸ்திவாரத்துக்குக் கோடு போட்ட அன்று, ஏழு பேர் முன்னிலையில் ஹயாத் பாஷா ஐந்தாவது மாடி தங்கச்சிக்கு என்றார். அதை நம்பி ஜான் பீ தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ஒரு காகிதமும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் எழுதி வாங்குகிற பெண்ணைப் பெருநாளுக்கு அழைத்துப்போகத் தாய்வீட்டிலிருந்து ஆள் வராது, அந்தக் குடும்பங்களின் வழக்கம் அப்படி. சுபான் மூன்று வருஷம் கூலி வாங்காமல் கட்டினார். ஐந்தாவது மாடிச் சமையல் மேடையை மனைவியை நிற்கவைத்து, அவள் முழங்கை உயரத்துக்குப் போட்டார். வெள்ளையடித்த வாரம் ஹயாத் பாஷா அந்த மாடியை சேலத்து வக்கீலுக்கு விற்றார். சாட்சி ஏழு பேரில் ஐந்து பேர் தாங்கள் அன்று ஊரிலேயே இல்லை என்றார்கள். மற்ற இருவருக்கு அன்றைக்குக் குடித்த டீ மட்டும் நினைவிருந்தது. சுபான் கரணையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார். பதினோராம் நாள் இறந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் காலையில்தான் ஆறாவது மாடி வந்தது.

ஜான் பீ ஏறிப்போய்ப் பார்த்தார். சமையல் மேடை அவர் முழங்கை உயரத்தில் இருந்தது, ஜன்னல் கம்பிகளில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பின்னாலேயே ஹயாத் பாஷா பூட்டோடு வந்தார்.

"அண்ணா, இது அவர் எனக்குக் கட்டுனதுங்க."

"செத்தவன் எப்படிம்மா கட்டுவான்? மண்ணு என்னுது. அதுல முளைச்சதும் என்னுது."

நகராட்சியிலிருந்து வரி போட வந்த பச்சியப்பன் டேப்பை நீட்டி அளந்தார். அனுமதி இல்லாமல் கட்டினால் இடிக்கலாம், வளர்ந்ததற்கு விதி இல்லை என்று சொல்லி, ஹயாத் பாஷா பேரிலேயே எழுதிக்கொண்டு போனார். ஜமாத்தில் ஜான் பீ கொடுத்த மனு ஒரு வருஷம் பெட்டியில் கிடந்தது. 86இல் ஏழாவது மாடி வந்தது, 87இல் எட்டாவது. ஒவ்வொன்றிலும் மேடை அதே உயரம். ஒவ்வொரு முறையும் ஜான் பீ படியேறிப் போவதற்குள் பூட்டு தொங்கியது. மேடை தாழ்வாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று குடிவந்த பெண்கள் குறை சொன்னார்கள். தங்கச்சி குட்டை, அதான் என்று ஹயாத் பாஷா சிரித்தார்.

88 மாசியில் ஒன்பதாவது மாடி வந்தபோது ஜான் பீ படியேறவில்லை. காற்றுவழியின் அடியில் போய் நின்று மேலே பார்த்துப் பேசினார். அது எல்லா வீட்டு ஜன்னலிலும் கேட்டது.

"போதுங்க. நீங்க கட்டக் கட்ட எங்க அண்ணன் பூட்டிக்கிட்டே இருக்காரு. கடைசி வரைக்கும் அப்படித்தான் இருப்பாரு. இறங்கி வாங்க, நம்ம வாடகை வூட்டுக்குப் போவலாம்."

அதன்பிறகு கட்டடம் வளரவில்லை. ஹயாத் பாஷா இரண்டு மழைக்காலம் புதுப்பூட்டோடு காத்திருந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஜான் பீ குமாரசாமிப்பேட்டையில் கண்ணம்மாள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். அந்த வீட்டுக் கிணற்றில் ஆளுக்கு இரண்டு குடம் என்பது கட்டுப்பாடு. காற்றுவழியில் பேசிவிட்டு வந்த மறுநாள் காலை ஜான் பீ நான்கு குடம் இறைத்தார். கண்ணம்மாள் குடங்களைப் பார்த்தார், அறைவாசலில் கிடந்த, சுண்ணாம்பு படிந்த ஆம்பளைச் செருப்பையும் பார்த்தார். பிறகு, கயிறு நைந்துபோச்சு, அவரையே புதுசு மாத்தித் தரச் சொல்லு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.