பூவாத்தாள் கேட்ட மழை

ஆனைமலைக்குப் பக்கத்தில் அந்த ஊரில் மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாக மழைச்சோறு வாங்கி, உப்பில்லாமல் தின்று, "இந்த ஊர்ல இனி எப்படிப் பொழைக்கிறது" என்று அழுதபடி ஊரெல்லை வரை நடப்பார்கள். புருசன்மார் ஓடிப்போய், "மழை வரும், திரும்பு" என்று கூட்டிவர வேண்டும். அதுதான் முறை. கருப்புசாமி மட்டும், அறுபத்தெட்டு வயதிலும் அடங்காத குறும்பில், மனைவியிடம் "பஸ் வருது, பாத்துப் போய்ட்டு வா" என்றார்.

பூவாத்தாள் ஏறிவிட்டாள். சரவணம்பட்டியில் மகள் மதிவதனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "நம்ம மழை வந்தா வாரனுங்க."

அன்றிலிருந்து கருப்புசாமி சோறு போட இரண்டு தட்டு எடுத்தார். கைப்பழக்கம். வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றார்.

நாற்பதாம் நாள் மழை வந்தது. ஒரே மணி நேரம். கிணற்று ஆமை தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணால் பார்த்தார். வீட்டு ஆட்டுரல் மிதந்துபோய் மாரியம்மன் கோயில் வாசலில் ஒதுங்கியது; மறுநாள் யாரோ அதற்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். இனி அதை எடுத்துவர ஊர்க்கூட்டம் போட வேண்டும்.

"மழை வந்திருச்சு, பூவாத்தா."

"டிவில பாத்தனுங்க. அது நம்ம மழையில்லீங்க. பூமி சூடானதால வந்ததாமா. நம்ம மழை மூணு நாள் நசநசன்னு பேயும், நீங்க கட்டிலை விட்டு எந்திரிக்கவே மாட்டீங்க. அது வரட்டும்."

நியாயம் கேட்க அவர் மகள் வீட்டுக்கே போனார். மதிவதனிக்கு ஒரு கம்பெனியில் வானிலைக் கணக்குப் போடுகிற வேலை.

"ஏங் கண்ணு, அந்த மழையில நம்முது எத்தனை, சூட்டுது எத்தனை? பாதி நம்முதுன்னா உங்கம்மா பாதி வழியாச்சும் வரட்டும். கெணத்துக்கடவுல நின்னு பாத்துக்கறேன்."

மதிவதனி சிரிக்கவில்லை. "அப்படிக் கூறு போட முடியாதுங்கப்பா. முன்னயும் பெருமழை பேஞ்சிருக்குது. சூட்டால அது எத்தனை மடங்கு அடிக்கடி வரும், எவ்வளவு கூடப் பேயும், அதைத்தான் கணக்குப் போடலாம். இந்த மழைக்கு இன்னும் யாரும் போடலீங்க."

"போட்டா?"

"ரெண்டும் கலந்துதான் இருக்கும். இனி எந்த மழையா இருந்தாலும் அதுல கொஞ்சம் சூடு சேர்ந்துதான் வருமுங்கப்பா."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பூவாத்தாளின் கை நின்றது. "அந்த மூணு நாள் மழை கூடவா, அம்மணி?"

"அதுவுந்தாம்மா."

கருப்புசாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே ரோட்டில் ஆட்டோக்காரன் யாருக்கோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"நீயில்லாம ஊட்டுக்குள்ள இருக்க முடியல" என்றார்.

அவள் கீரையை மகள் பக்கம் தள்ளிவிட்டுப் பையை எடுத்தாள்.

காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. மேற்கே கொஞ்சம் கருத்திருந்தது.

"வருமுங்களா?"

"தெரியல, பூவாத்தா."

"எந்த மழையா இருந்தாலும் சரீங்க" என்றாள். "மெதுவா வந்தாப் போதும்."